அசலைத் தொடலாம், தவறில்லை

கேள்வி இது. கோவையில் ஒரு தனியார் ஆலையில் வேலை பார்த்தவர், 58 வயதில் ஓய்வு பெறுகிறார். பி.எஃப்., கிராஜுவிட்டி, வங்கி டெபாசிட், 35 லட்சத்துக்கு மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேர்த்துக் கையில் 2 கோடி ரூபாய். சொந்த வீடு, கடன் இல்லை. மனைவிக்கு 55 வயது. மாதச் செலவு 70 ஆயிரம். பி.எஃப். பென்ஷன் ஐந்தாயிரம். மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகன் ஃபிளாட் வாங்க 40 லட்சம் கேட்கிறான். "முழுப் பணத்தையும் வங்கியில் போட்டு, வட்டியில் மட்டும் குடும்பம் நடத்தி, அசலைத் தொடாமல் பிள்ளைகளுக்கு விட்டுப் போக முடியுமா?"

பணம் போதும். அசலைத் தொடமாட்டேன் என்கிற சபதம்தான் காலை வாரும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நான் அரசு வங்கி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1996-ல் கும்பகோணம் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். சர்க்கரை ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வந்த பணம் 10 லட்சத்தை அப்படியே எங்களிடம் டெபாசிட் போட்டார். அன்றைக்கு வட்டி 12 சதவீதம். மாதம் 10 ஆயிரம். அப்போது என் கைக்கு வந்த சம்பளமே அதைவிடக் குறைவு. ஊரில் அவரைப் பெரிய மனிதர் என்றார்கள், அவரும் அப்படித்தான் இருந்தார். ஐந்து வருடம் கழித்துப் புதுப்பிக்க வந்தபோது வட்டி ஒன்பதை ஒட்டி இருந்தது. 2003, 2004 வாக்கில் பெரிய வங்கிகளில் ஐந்தரைக்கு இறங்கிவிட்டது. மூத்த குடிமக்களுக்கான அரை சதவீதத்தைச் சேர்த்தாலும் மாதம் 5 ஆயிரம். அதற்குள் அரிசி, பால், மருந்து எல்லாம் ஏறிவிட்டன. மஞ்சள் பையோடு எதிரில் உட்கார்ந்து ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அசல் அப்படியேதானே சார் இருக்கு?"

அப்படியேதான் இருந்தது. அதுதான் பிரச்சினையே. எட்டு வருடம் கழித்தும் அது அதே 10 லட்சம். அவர் வீட்டுச் செலவு மட்டும் அதே செலவாக இல்லை.

வட்டி அந்த அளவுக்கு இனி விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டி 2000 ஜனவரி வரை 12 சதவீதம், 2020 ஏப்ரலிலிருந்து 7.1. ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டி, 2020-ல் 4 சதவீதத்துக்கு வந்தது, அப்புறம் 6.5 வரை ஏறியது, 2025-ல் மறுபடி இறங்க ஆரம்பித்தது. இதில் எதுவும் உங்களைக் கேட்டு நடக்காது. உங்களுக்கு முன்னால் இருப்பது ஐந்து வருடம் அல்ல. உங்களுக்கு ஒரு 30, உங்கள் மனைவிக்கு 35 வருடம்.

சரி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2 கோடிக்குத் தாராளமாகவே 7.5 சதவீதம் வட்டி வைத்தால் வருடத்துக்கு 15 லட்சம். எல்லாம் உங்கள் பேரில் இருந்தால் புதிய வரி முறையில் 1 லட்சத்து 9 ஆயிரம் வரி. மீதி கிட்டத்தட்ட 13.9 லட்சம். செலவு 8.4 லட்சம். முதல் வருடமே ஐந்தரை லட்சம் மிச்சம்! இந்த மிச்சத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். காரை மாற்றலாம், பேரன் பேரில் ஏதாவது போடலாம், மகனுக்கு 40 லட்சம் கொடுத்தால்கூட ஒன்றும் ஆகாது என்று தோன்றும். ஆனால் அந்த மிச்சம் உங்களுடையது இல்லை. 75 வயதில் இருக்கப்போகிற உங்களுடையது.

வீட்டுச் செலவு வருடம் 6 சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வருடத்தில் இரட்டிப்பாகும். உங்கள் 70 வயதில் இதே வாழ்க்கைக்கு மாதம் 1 லட்சத்து 40 ஆயிரம், 82-ல் 2 லட்சத்து 80 ஆயிரம். 2025 இறுதியில் அரசுக் கணக்கில் பணவீக்கம் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது உண்மைதான். காய்கறி விலை இறங்கினால் அந்த எண் இறங்கும். ஆஸ்பத்திரி பில்லும் வேலைக்கார அம்மா சம்பளமும் அதோடு சேர்ந்து இறங்கி நான் பார்த்ததில்லை.

இப்போது இரண்டு பாதை. வருகிற வட்டி முழுவதையும் அந்தந்த வருடமே தீர்த்துவிட்டால் ஒன்பது வருடம் கழித்து, அதாவது 67 வயதில், வட்டி செலவுக்குப் பற்றாது. மிச்சத்தை ஒழுங்காகத் திரும்பப் போட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அசலையும் எடுத்தால் பணம் சுமார் 27 வருடம் வரும். உங்களுக்கு 85, மனைவிக்கு 82. அதுவும் வட்டி இதே அளவில் நின்றால்தான். அசலைத் தொடாமல் 2 கோடியையும் பிள்ளைகளுக்கு விடுவது இரண்டு பாதையிலும் இல்லை.

ஆகவே அசலையும் வட்டியையும் தனித்தனியாகப் பார்க்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள். முப்பது வருடம் சம்பளம் வாங்கியவர் நீங்கள். இந்த 2 கோடி இனி உங்களுக்குச் சம்பளம் கொடுக்கப்போகிற கம்பெனி. எந்தக் கம்பெனியிலும் முப்பது வருடம் ஒரே சம்பளத்தில் உட்கார மாட்டீர்கள், வருடா வருடம் இன்கிரிமென்ட் கேட்பீர்கள். இங்கேயும் கேளுங்கள். வங்கி டெபாசிட் சம்பளம் தரும், இன்கிரிமென்ட் தராது. இன்கிரிமென்டுக்குப் பங்குச் சந்தை ஓரளவு வேண்டும்.

"இந்த வயசுல ஷேரா?" என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்கள். பயம் நியாயமானது. 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21 ஆயிரத்தைத் தொட்டது, அதே அக்டோபரில் 9 ஆயிரத்துக்குக் கீழே. அந்த ஜனவரியில் ஓய்வு பெற்று முழுப் பணத்தையும் அங்கே போட்டு, மாதச் செலவுக்கு அதிலிருந்தே விற்றுக்கொண்டிருந்தால் ஆள் எழுந்திருக்கவே முடியாது. ஆனால் இரண்டு மூன்று வருடச் செலவு வேறு இடத்தில் பத்திரமாக இருந்து, ஷேரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை என்றால் அந்த வீழ்ச்சி பேப்பரில் படிக்கிற செய்தியோடு போயிருக்கும். சந்தை விழும்போது விற்கிற நிர்ப்பந்தம்தான் ஆளைக் கொல்கிறது.

வருடத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்பவர் 1994-ல் ஒரு கணக்குப் போட்டார். பாதிக்குக் குறையாமல் ஷேரிலும் மீதி அரசுப் பத்திரத்திலும் இருந்தால், முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்குத் தக்கபடி கூட்டிக்கொண்டே போனாலும் 30 வருடம் தாங்கும் என்றார். நம்மூர்க்காரர்களும் இந்த எண்ணை மந்திரம் போலச் சொல்கிறார்கள். அது அவர்கள் ஊர் விலைவாசியையும் சந்தையையும் வைத்துப் போட்டது. இங்கே நான் மூன்று, மூன்றரை என்றுதான் சொல்வேன். நீங்கள் எடுக்கப்போவது 4.2, பென்ஷனைக் கழித்தால் 3.9. கொஞ்சம் இறுக்கம், ஆனால் பதற வேண்டியதில்லை. சொந்த வீடு இருப்பதால் வாடகை ஏறுகிற கவலை உங்களுக்கு இல்லை.

நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன்.

முதலில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், 30 லட்சம். 2023 ஏப்ரலில்தான் 15 லட்சத்தை 30 ஆக்கினார்கள். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். அரசு காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை மாற்றலாம், ஆனால் நீங்கள் போட்ட நாளின் வட்டி உங்களுக்கு ஐந்து வருடமும் நிற்கும். அதே தபால் நிலையத்தில் மாத வருமானத் திட்டம், கூட்டுக் கணக்காக 15 லட்சம். 7.4 சதவீதம், மாதம் 9,250. ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிப் பத்திரத்தில் 25 லட்சம். இதற்கு தேசிய சேமிப்புப் பத்திர வட்டியைவிட 0.35 சதவீதம் கூடுதல், இப்போது 8.05. ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் வரும். ஆனால் ஏழு வருடம் பூட்டு, 60 வயதுக்கு மேல் ஆனால் ஆறு வருடத்தில் அபராதத்தோடு எடுக்கலாம். அடமானமும் வைக்க முடியாது. அவசரத்துக்கு ஆகாத பணம் என்று நினைத்துத்தான் இதில் போட வேண்டும்.

வங்கி டெபாசிட்டில் 50 லட்சம். ஒரே ரசீதாக வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து வருடம் என்று பத்துப் பத்து லட்சமாக ஏணிப்படி மாதிரிப் போடுங்கள். ஒவ்வொரு வருடமும் ஒன்று முதிரும், அன்றைய வட்டிக்குத் திரும்பப் போடலாம், வேண்டுமானால் எடுக்கலாம். கும்பகோணத்துக்காரர் செய்யாமல் விட்டது இதுதான், முழுப் பணமும் ஒரே நாளில் ஐந்தரைக்கு வந்து நின்றது. இரண்டு மூன்று பெரிய வங்கிகளில் பிரித்துக்கொள்ளுங்கள். டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம்தான், அசலும் வட்டியும் சேர்த்து. முக்கால் சதவீதம் கூடத் தருகிறார்கள் என்று சிறிய வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அந்த 5 லட்சத்துக்கு மேல் போடாதீர்கள். அங்கே பணம் மாட்டிக்கொண்டவர்களின் வரிசையை நான் கவுன்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன்.

மருத்துவத்துக்குத் தனியாக 15 லட்சம், எப்போது வேண்டுமானாலும் உடைக்கிற மாதிரி.

மிச்சம் 65 லட்சம் ஷேர் சார்ந்த மியூச்சுவல் ஃபண்ட். 35 லட்சம் ஏற்கெனவே இருக்கிறது. மீதி 30-ஐ ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு வருடத்தில் மாதா மாதம் போடுங்கள். நிஃப்டி 50 போன்ற, பெரிய கம்பெனிகளின் பட்டியலை அப்படியே பின்பற்றி வாங்குகிற குறியீட்டு ஃபண்ட் ஒன்றோ இரண்டோ போதும். பதினாலு ஃபண்ட் வைத்திருப்பவருக்கு எதில் என்ன இருக்கிறது என்று தெரியாது, அவர் மனைவிக்குச் சுத்தமாகத் தெரியாது.

இப்போது கூட்டிப் பாருங்கள். சேமிப்புத் திட்டம், மாத வருமானம், பத்திரம், டெபாசிட் வட்டி 6.75 என்று வைத்தால் நான்கும் சேர்ந்து மாதம் 74 ஆயிரத்துச் சொச்சம். பென்ஷனோடு 80 ஆயிரத்தை ஒட்டி வரும். ஷேரையும் மருத்துவப் பணத்தையும் தொடாமலே 70 ஆயிரம் செலவு ஓடிவிடும், மெடிக்கல் பாலிசி பிரீமியம் கட்டவும் மிச்சம் இருக்கும். வருட வட்டி வருமானம் 10 லட்சத்தை ஒட்டி நிற்பதால், 12 லட்சம் வரை வரி இல்லை என்ற புதிய முறையில் வருமான வரியே வராது. முழுப் பணமும் வங்கியில் என்று போட்ட கணக்கில் 1 லட்சத்து 9 ஆயிரம் கட்டினோமே, அது இங்கே மிச்சம். ஷேர் விற்ற லாபத்துக்கு மட்டும் இந்தத் தள்ளுபடி கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் வருடத்தில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம்.

மூன்று வருடத்தில் 80 ஆயிரம் பற்றாமல் போகும். அங்கேதான் இன்கிரிமென்ட். வருடா வருடம் ஏப்ரலில் ஒரு நாள் உட்காருங்கள். சந்தை நன்றாக ஏறியிருந்தால் ஷேரில் கொஞ்சம் விற்று டெபாசிட் ஏணியில் சேருங்கள். விழுந்திருந்தால் ஷேரைத் தொடாமல், அந்த வருடம் முதிர்கிற டெபாசிட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுங்கள். ஆம், அசலைத்தான். அடுத்த நல்ல வருடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். வேறு பெரிய சூத்திரம் கிடையாது. ஷேர் பகுதி 11 சதவீதமும் மீதி 7 சதவீதமும் தந்தால், நீங்கள் எடுப்பதும் 6 சதவீதம் ஏறிக்கொண்டே போனால், பணம் 33 வருடம் வரும். உங்களுக்கு 91, மனைவிக்கு 88. 11 சதவீதத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, நானும் தரவில்லை. ஆனால் டெபாசிட்டில் மட்டும் போட்டால் 85 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மனைவி பேரில் போட்டு வரியைக் குறைக்கலாம் என்று ஆடிட்டர் அல்லாத பல பேர் சொல்வார்கள். நீங்கள் கொடுத்த பணத்துக்கு வரும் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். அந்த வட்டியைத் திரும்பப் போட்டு அதற்கு வரும் வட்டிதான் அவருடையது. அவருக்கு 60 ஆனதும் அவர் பேரில் தனியாக 30 லட்சம் சேமிப்புத் திட்டம் போடலாம் என்பது நிஜமான வசதி. அதை ஐந்து வருடம் கழித்துச் செய்துகொள்ளுங்கள்.

இனி மகன் விஷயம். இது பணக் கணக்கு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கணக்கை முதலில் பாருங்கள். 40 லட்சம் போனால் மிச்சம் 160. டெபாசிட் மட்டும் என்றால் உங்கள் 79 வயதில் தீர்கிறது. நான் சொன்ன மாதிரிப் பிரித்தாலும் 82. அதாவது அந்த 40 லட்சத்தில் கடைசி ஒன்பது வருடச் சாப்பாடு இருக்கிறது, அதில் உங்கள் மனைவி தனியாக இருக்கப்போகிற வருடங்களும் இருக்கலாம். உங்கள் மகனுக்கு இருபத்தைந்து வருடச் சம்பளம் முன்னால் இருக்கிறது. வீட்டுக் கடன் கொடுக்க வங்கிக்காரர்கள் அவன் ஆபீஸ் வாசலிலேயே நிற்பார்கள், நானே நின்றிருக்கிறேன். 79 வயதுக்காரர் வீட்டுச் செலவுக்குக் கடன் கேட்டு வந்தால் அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒரு காபிதான் இருந்தது. கொடுக்காமல் இருக்க மனம் வராது என்றால் பத்து லட்சம் கொடுங்கள். திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள், மகளுக்கும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கைமாற்று என்று பேர் வைத்தால்தான் பின்னால் மனக்கசப்பு. அவன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து மட்டும் போடவே வேண்டாம்.

வீட்டையும் இப்போதே எழுதி வைக்கச் சொல்லி யாராவது ஆரம்பிப்பார்கள், பெரும்பாலும் மகன் இல்லை, உறவில் யாராவது ஒரு விவரமானவர். செட்டில்மென்ட் பத்திரம் பதிந்த நிமிடம் வீடு கை மாறிவிடும். 2007-ஆம் வருடப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்ய வழி உண்டு. ஆனால் 80 வயதில் பெற்ற பிள்ளைக்கு எதிராக மனுக் கொடுத்துவிட்டு வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்க யாருக்குத் தெம்பு இருக்கும்? உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சி கையெழுத்துப் போதும். பதிவு கட்டாயம் இல்லை, பதிந்தால் நல்லது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வீடு கடைசி வரை உங்கள் பேரில் இருக்கும்.

மருத்துவம். ஓய்வு பெறும் அன்றோடு கம்பெனியின் குரூப் பாலிசியும் பெரும்பாலும் முடிந்துவிடும். இதைப் பலர் முதல் அட்மிஷனில்தான் கண்டுபிடிக்கிறார்கள். கடைசி நாளுக்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள், காத்திருந்த காலம் கணக்கில் சேரும். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பி.பி.க்கு அதிகபட்சம் மூன்று வருடம் காத்திருக்க வைக்கலாம். இருவருக்கும் சேர்த்துப் பத்து லட்சம் அடிப்படை, அதைத் தாண்டுகிற பில்லுக்கு 25 லட்சத்துக்கு ஒரு சூப்பர் டாப்-அப் பாலிசி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். பாலிசி படிவத்தில் எந்த வியாதியையும் மறைக்காதீர்கள்.

ஆனால் ஆஸ்பத்திரி பில்லைவிடப் பெரிய செலவு அதற்குப் பிறகு வீட்டில் வருவது. பக்கவாதமோ மறதி நோயோ வந்து ஒருவர் படுத்துவிட்டால், வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் போட வேண்டும். இன்றைக்கு அதற்கு மாதம் 25 ஆயிரத்துக்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம், பாலிசி அதில் ஒரு ரூபாய் தராது. அந்த 15 லட்சத்தைத் தனியாக வைக்கச் சொன்னது முக்கியமாக இதற்குத்தான். என் அண்ணிக்கு நான்கு வருடம் இப்படிப் போயிற்று. பணம் இருந்ததால் அண்ணனுக்கு ராத்திரியில் தூங்க முடிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

ஓய்வுப் பணம் வந்த செய்தி எப்படியோ வெளியே போய்விடும். உங்கள் பழைய கிளை மேனேஜரே வீட்டுக்கு வந்து ஒரு காப்பீட்டுத் திட்டத்தை டெபாசிட் மாதிரி என்று சொல்லி நீட்டுவார். "மாதிரி" என்ற சொல் வந்தாலே எழுந்துவிடுங்கள். மாதம் மூன்று சதவீதம் தருகிறேன் என்பவனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கொங்கு நாட்டில் ஈமு கோழி மோசடியைப் பார்த்தவர் நீங்கள். வாடகைக்கு விடலாம் என்று இன்னொரு ஃபிளாட் வாங்கவும் வேண்டாம். நம் நகரங்களில் வாடகை, வீட்டு விலையில் சொற்ப சதவீதம்தான். 72 வயதில் குடித்தனக்காரரோடு மோட்டார் ரிப்பேருக்காகச் சண்டை போட வேண்டியிருக்கும். எல்.ஐ.சி. போன்றவற்றின் ஆயுள்காலப் பென்ஷன் திட்டங்கள் மோசமில்லை, ஆனால் 58-ல் வேண்டாம். வயது ஏற ஏற அதே பணத்துக்குக் கூடப் பென்ஷன் கிடைக்கும். 70-ல் யோசியுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை சொன்ன பிறகு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். என் சர்வீஸில் பணம் தீர்ந்து தவித்தவர்களைவிட, தீரவே விடாமல் வைத்திருந்து போய்ச் சேர்ந்தவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். ஒரு கோடிக்கு மேல் டெபாசிட் வைத்திருந்த ஒரு பெரியவர், பாஸ் புக் என்ட்ரி போட இரண்டு மைல் வெயிலில் நடந்து வருவார், ஆட்டோவுக்குக் காசு அதிகமாம். காது சரியாகக் கேட்காது, மெஷின் வாங்க மாட்டார். அவர் போன பிறகு மூன்று பிள்ளைகள் வந்து என் அறையிலேயே சண்டை போட்டார்கள். அசலைத் தொடக்கூடாது என்பதன் இன்னொரு முகம் இது. மாதம் 80 ஆயிரம் வருகிறது, 70 செலவு, மீதி பத்தையும் பயத்தில் சேர்த்து வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். முழங்கால் சொன்னபடி கேட்கிற முதல் பத்து வருடத்துக்கு வருடம் ஒரு லட்சத்தைப் பயணத்துக்கென்றே எழுதி வையுங்கள். நான் மேலே போட்ட கணக்கில் மருத்துவப் பணத்துக்கு வருகிற வட்டியை மாத வரவில் சேர்க்கவே இல்லை, உடம்பு நன்றாக இருக்கும்வரை அதுவே கிட்டத்தட்ட ஒரு லட்சம் வரும். காசிக்குப் போவதானால் ஏ.சி. பெட்டியில் போங்கள். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், அதற்காகக் காத்திருந்து பயணத்தைத் தள்ளிப் போடாதீர்கள். மெத்தையை மாற்றுங்கள். குளியலறையில் கைப்பிடி போடுங்கள், வழுக்காத டைல்ஸ் போடுங்கள். இடுப்பு எலும்பு ஆபரேஷனைவிட அது மலிவு.

இன்னொரு வேலை, பணம் செலவில்லாதது. உங்கள் மனைவிக்கு இது எல்லாம் தெரிய வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எந்த வங்கி, எந்தத் தபால் நிலையம், கணக்கு எண், முதிர்வுத் தேதி, பாலிசி எண், ஏஜென்ட் போன் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வையுங்கள். டெபாசிட் எல்லாம் இருவர் பேரிலும், இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற முறையில் இருக்கட்டும். வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை நாமினி போடலாம். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுக்கிறவர்தான், சொந்தக்காரர் உயிலில் இருப்பவர். இரண்டும் முரண்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பென்ஷன் உங்களுக்குப் பிறகு அவருக்குப் பாதிதான் வரும். ஏப்ரல் கணக்கை இந்த வருடம் நீங்கள் போடுங்கள், அடுத்த வருடம் அவர் போடட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

கடைசியாக, உங்கள் வயதால் வருகிற ஒரு அவசரம். மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு 60 வயது ஆக வேண்டும். 55-லிருந்து 60-க்குள் ஓய்வு பெற்றவர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் ஓய்வூதியப் பலன் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும், வந்த பலனுக்கு மேல் போட முடியாது. பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் கணக்கில் விழுந்த தேதியை அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கம்பெனியிலிருந்து ஓய்வுச் சான்றும், எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரமும் வாங்கிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், கூட்டுக் கணக்குக்கு அவர் கையெழுத்தும் வேண்டும். சர்வர் வேலை செய்கிறதா என்று காலையில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புவது உத்தமம்.